ஹோல்டரில் ஏறிவிட்டால் போதாது: வீட்டுச் சாதனங்களுக்கு மாற்று பல்ப் பார்த்து வாங்குவது எப்படி

ஃப்ரிட்ஜைத் திறந்தால் உள்ளே இருட்டு. விரல் நீளத்துக்கு ஒரு பல்ப், அது போயிருக்கிறது. திருகிக் கழற்றி, அதே மாதிரி இருக்கும் இன்னொன்றை மாட்டினால் வேலை முடிந்தது. பல சமயம் உண்மையிலேயே அவ்வளவுதான். மற்ற சமயங்களில்தான் கோளாறு: ஓவனுக்குள் போட்ட எல்இடியின் பிளாஸ்டிக் இளகித் தொங்கும், அடுப்புக்கு மேலே புகை உறிஞ்சும் சிம்னியின் விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும், ஃப்ரிட்ஜ் பல்பின் மேல்மூடி பழுப்பேறி வளையும். இந்த மூன்றிலும் புது பல்ப் ஹோல்டரில் ஒழுங்காகத்தான் ஏறியிருக்கும். பொருந்துவது வேறு, பொருத்தமாக இருப்பது வேறு.

அறைக்குப் பல்ப் வாங்கும்போது எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று பார்க்கிறோம். சாதனத்துக்குள் போகும் பல்புக்கு அந்தக் கேள்வி கடைசியில் வந்தால் போதும். அது குடியிருக்கப் போகும் இடம் சூடா, குளிரா, அதிருமா, ஆவி அடிக்குமா என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு சின்னக் குறிப்பு. பல்ப் பெட்டிகளில் அளவுக் குறிகள் ஆங்கில எழுத்தில்தான் அச்சாகியிருக்கும். இங்கே இ14, பி22, ஜி9 என்று வருபவை அந்த எழுத்துகளின் உச்சரிப்பு. கடையில் வாய்விட்டுக் கேட்பதும் அப்படித்தானே.

போனது பல்ப்தானா?

புதிதாக ஒன்றை வாங்கும் முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஃப்ரிட்ஜில் கதவு மூடும் ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். கதவு மூடினால் அது அழுந்தி விளக்கு அணையும். எண்ணெய்ப் பிசுக்கோ சர்க்கரைத் தண்ணீரோ பட்டு அது உள்ளேயே ஒட்டிக்கொண்டால் கதவைத் திறந்தாலும் விளக்கு வராது. பத்து முறை அழுத்தி விடுங்கள், ஈரத் துணியால் சுற்றிலும் துடையுங்கள். அதிலேயே சரியாகிவிடுவதும் உண்டு. பொத்தானுக்குப் பதில் காந்தத்தால் இயங்கும் சுவிட்ச் உள்ள மாடல்களில் வெளியே எதுவும் தெரியாது. சில மாடல்கள் கதவு வெகுநேரம் திறந்திருந்தால் விளக்கைத் தாமே அணைத்துவிடும். மூடி ஒரு நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள்.

அடுத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பல்பைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். குண்டு பல்பாக இருந்தால் உள்ளே இழை அறுந்து தொங்குவது தெரியும். கண்ணாடியின் உட்புறம் கறுத்திருந்தால் இழையின் டங்ஸ்டன் ஆவியாகிப் படிந்திருக்கிறது. வயதாகிப் போன பல்ப். உட்புறம் பால்போல வெளுத்திருந்தால் எங்கோ கீறல் விட்டுக் காற்று உள்ளே புகுந்திருக்கிறது. அந்தப் பல்ப் கீழே விழுந்திருக்கும், அல்லது சூட்டில் கண்ணாடியும் அடியும் பிரிந்திருக்கும்.

இழை அறுந்ததா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் மல்டிமீட்டரை ஓமில் வைத்து அடியின் நடுப்புள்ளிக்கும் பக்கத்து உலோகத்துக்கும் இடையில் தொடுங்கள். 230 வோல்ட், 15 வாட் குண்டு பல்ப் நல்ல நிலையில் இருந்தால் சில நூறு ஓம் காட்டும். கணக்குப் போட்டுப் பார்ப்பவர்களுக்கு இது குழப்பமாக இருக்கும், ஏனென்றால் 230 வோல்ட்டில் 15 வாட் என்றால் சுமார் 3,500 ஓம் வர வேண்டும். அது எரியும்போது உள்ள மின்தடை. குளிர்ந்த இழையின் தடை அதில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால் பல்ப் போய்விட்டது. எல்இடி பல்பை இப்படிச் சோதிக்க முடியாது. உள்ளே இருக்கும் சுற்று மீட்டருக்குப் பதில் சொல்லாது.

பழைய பல்பைப் படிப்பது

பழைய பல்பைக் குப்பையில் போட்டுவிட்டுக் கடைக்குப் போவதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய தப்பு. அந்தப் பல்பில்தான் எல்லாத் தகவலும் இருக்கிறது. கண்ணாடியின் தலையிலோ அடியின் ஓரத்திலோ பொடி எழுத்தில் வாட், வோல்ட், சில சமயம் வெப்ப அளவு மூன்றும் அச்சாகியிருக்கும். மங்கியிருந்தால் வாயால் ஊதி ஆவி படியவைத்து, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் தெரிந்துவிடும். தெரிந்ததும் ஒரு போட்டோ.

அளவு எழுத்து இல்லை என்றால் அளந்துகொள்ளலாம். திருகு மரை உள்ள பல்புகளில் இ என்பதற்குப் பின்னால் வரும் எண் மரையின் விட்டம், மில்லிமீட்டரில். வெர்னியர் காலிப்பர் எல்லார் வீட்டிலும் இருக்காது. அதற்கு ஒரு துண்டுக் காகிதம் போதும். மரையின் மேல்மேடு மீது காகிதத்தை ஒரே ஒரு சுற்று இறுக்கமாகச் சுற்றி, முனை சேரும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு, விரித்து ஸ்கேலில் வைத்து அளவெடுங்கள்:

சுமார் 37 மி.மீ. வந்தால் இ12.
43 அல்லது 44 மி.மீ. வந்தால் இ14. சாதனங்களில் அதிகம் புழங்குவது இதுதான்.
52 மி.மீ. அளவில் வந்தால் இ17.
82 முதல் 84 மி.மீ. வரை வந்தால் இ26 அல்லது இ27.

கடைசி இரண்டையும் காகிதத்தால் பிரிக்க முடியாது. ஒன்றின் ஹோல்டரில் மற்றொன்று ஏறவும் செய்யும். பிரித்துக் காட்டுவது வோல்ட் அளவு. இ12, இ17, இ26 மூன்றும் பெரும்பாலும் 120 வோல்ட் புழங்கும் நாடுகளின் அளவுகள். இ14, இ27 இரண்டும் 220 முதல் 240 வோல்ட் வரை புழங்கும் நாடுகளின் அளவுகள். இணையத்தில் வாங்கும்போது இந்த இடத்தில்தான் கால் வழுக்கும். 120 வோல்ட் குண்டு பல்பை 230 வோல்ட்டில் போட்டால் பளிச்சென்று ஒரு வெளிச்சம், அத்தோடு சரி. மாறாக 230 வோல்ட் பல்பை 120 வோல்ட்டில் போட்டால் போகாது, ஆனால் தணல்போல மங்கலாகச் சிவந்து நிற்கும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சாதனத்தை டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டுபவர்கள் பல்பைச் சாதனத்தின் வோல்ட்டுக்குப் பார்த்து வாங்க வேண்டும், சுவர் பிளக்கின் வோல்ட்டுக்கு அல்ல.

மரை இல்லாமல் இரண்டு பக்கமும் சின்னக் குமிழ் நீட்டிக்கொண்டு, அழுத்தித் திருப்பினால் பூட்டிக்கொள்வது பின் டைப். சுற்றளவு 69 மி.மீ. இருந்தால் பி22, 47 அல்லது 48 மி.மீ. இருந்தால் பி15. சின்னதில் இன்னொரு விஷயம் பார்க்க வேண்டும்: அடியில் ஈயப் புள்ளி ஒன்றா இரண்டா? தையல் மெஷின்களில் வருவது இரண்டு புள்ளி வகை. வண்டி விளக்குகளில் இதே விட்டத்தில் ஒற்றைப் புள்ளி, 12 வோல்ட் வகை உண்டு. கையில் ஒன்றுபோலவே இருக்கும், மாட்டவே கூடாது.

இரண்டு ஊசி நீட்டியிருக்கும் பல்புகளில் ஜி என்பதற்குப் பின்னால் வரும் எண் ஊசிகளுக்கு நடுவில் உள்ள தூரம். நடுவிலிருந்து நடு வரை 4 மி.மீ. என்றால் ஜி4, 5.3 என்றால் ஜியூ5.3, 9 என்றால் ஜி9. ஜி4, ஜியூ5.3 இரண்டும் வழக்கமாக 12 வோல்ட். உள்ளே எங்கோ ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது என்று அர்த்தம். ஜி9 டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் வீட்டு மின்சாரத்திலேயே எரிவது, அதன் ஊசிகள் கம்பியை மடக்கி வளையமாக்கியதுபோல இருக்கும். தடித்த இரண்டு கால், முனையில் குமிழ், திருப்பினால் பூட்டும் என்றால் ஜியூ10.

வாட் விஷயத்தில் எழுதியிருப்பது உச்சவரம்பு. 15 என்று போட்டிருந்தால் 15 அல்லது அதற்குக் கீழே. 25 வாட் போட்டால் வெளிச்சம் கூடும், கூடவே சூடும் கூடும்; மூடிய பிளாஸ்டிக் கூண்டுக்குள் அந்தச் சூடு போக வழியில்லை. எல்இடியில் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் ‘40 வாட்டுக்குச் சமம்’ என்பது வெளிச்சத்தின் கணக்கு. வரம்போடு ஒப்பிட வேண்டியது ஓரத்தில் சின்னதாக இருக்கும் உண்மையான வாட், அதாவது 4 அல்லது 5. சாதனத்தின் விளக்குக்கு லூமென் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) கணக்கு தேவைப்பட்டால், 15 வாட் குண்டு பல்பின் வெளிச்சம் சுமார் 110 முதல் 136 லூமென், 25 வாட்டுக்கு 200 முதல் 250, 40 வாட்டுக்கு 400 முதல் 470.

உருவ அளவையும் மறக்காதீர்கள். குழாய் வடிவப் பல்பில் டி என்ற எழுத்தும் எண்ணும் இருக்கும். டி22 என்றால் கண்ணாடியின் விட்டம் 22 மி.மீ. அமெரிக்க முறையில் அந்த எண் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கைக் குறிக்கும்: டி8 என்றால் எட்டு எட்டில் ஒன்று, அதாவது ஒரு அங்குலம், 25.4 மி.மீ. கூடவே தலையிலிருந்து அடி வரை மொத்த நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மி.மீ. கூடினாலே மேல்மூடி பூட்டாமல் போவது உண்டு.

ஃப்ரிட்ஜ்

எல்இடிக்கு மாற ஏற்ற இடம் இதைவிட வேறு இல்லை. எல்இடிக்குக் குளிர் பிடிக்கும். குளிர்ந்த இடத்தில் அதன் ஆயுள் கூடும். 15 வாட் குண்டு பல்ப் இருந்த இடத்தில் 1 முதல் 2 வாட் எல்இடி போதும், உள்ளே சூடும் குறையும். வெளிச்சத்தின் நிறம் 2,700 முதல் 4,000 கெல்வின் வரை இருந்தால் காய்கறி காய்கறி நிறத்தில் தெரியும். 6,500 கெல்வின் நீல வெள்ளையில் தக்காளிகூடச் சோகையாக இருக்கும்.

சிஎஃப்எல் (சுருள் குழாய் பல்ப்) வேண்டாம். குளிரில் முழு வெளிச்சத்துக்கு வர நேரம் எடுக்கும், அதற்குள் கதவை மூடிவிடுவீர்கள். அடிக்கடி போட்டு அணைப்பதும் அதற்கு ஆகாது. அதைவிட முக்கியம், அதற்குள் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. சாப்பாட்டுப் பாத்திரங்களுக்கு மேலே உடைந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

பல்ப் எதுவானாலும் கதவை மூடியதும் அது அணைகிறதா என்று பாருங்கள். செல்போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே ஒரு தட்டில் சாய்த்து வைத்து, கதவை மூடி அரை நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சுவிட்ச் சிக்கி, 15 வாட் குண்டு பல்ப் இரவு பகலாக உள்ளேயே எரிந்தால் மேல்தட்டுப் பால் கெடும், கம்ப்ரஸரும் ஓயாமல் ஓடும். காரணம் பிடிபடவே நாளாகும்.

புது மாடல்களில் பல்பே இருக்காது. மேல்சுவரில் ஓர் எல்இடி தகடு, பின்னால் ஒயர் பிளக். அதற்கு இதுவரை சொன்ன அளவு எதுவும் உதவாது. உட்சுவரில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த மாடலுக்கான உதிரிபாக எண்ணைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு தகடுகளில் வோல்ட் வேறாக இருக்கும்.

ஓவன்

இங்கே விட்டுக்கொடுக்க இடமே இல்லை. பெட்டியில் 300 டிகிரி செல்சியஸ் என்று எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை என்றால் அது ஓவன் பல்ப் இல்லை, கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி.

ஏன் என்று தெரிந்துகொண்டால் மறக்காது. ஓவன் 250 டிகிரி வரை சாதாரணமாகப் போகும். எல்இடி பல்புக்குள் சில்லுகளை ஒட்டவைத்திருக்கும் ஈயமில்லாத சால்டர் (பற்றவைக்கும் உலோகம்) 217 டிகிரிக்குப் பக்கத்தில் உருகத் தொடங்கும். அதற்கு வெகு முன்பே உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரும் பிளாஸ்டிக்கும் செத்துப்போயிருக்கும். ‘ஓவனுக்கு ஏற்றது’ என்று விளம்பரத்தில் மட்டும் போட்டு விற்கும் இ14 எல்இடிகளை நம்ப வேண்டாம். ஓவன் நிறுவனமே எல்இடி வைத்திருந்தால், அதைச் சூட்டறைக்கு வெளியே, கதவிலோ தனிக் கண்ணாடிக்குப் பின்னாலோ வைத்திருப்பார்கள்.

சரி, சூட்டுக்கு அசராத சாதாரண ஃப்ரிட்ஜ் குண்டு பல்பைப் போட்டால்? அதிலும் இழைக்கு ஒன்றும் ஆகாது. கண்ணாடியை உலோக அடியோடு ஒட்டும் பசைதான் சூட்டில் பொரிந்துபோகும். சில நாள் எரியும், பிறகு கண்ணாடி தனியாகக் கழன்று கேக் மேல் விழும், அல்லது நீங்கள் கழற்றும்போது கையோடு வந்து அடி மட்டும் ஹோல்டரில் தங்கிவிடும். ஓவன் பல்பில் அந்த ஒட்டு சூடு தாங்கும் வகை. மறுபக்கம், 15 வாட் இ14 ஓவன் பல்பை அதே அளவுள்ள ஃப்ரிட்ஜில் போடலாம், தவறில்லை. வீட்டில் ஒன்றே ஒன்று வாங்கி வைப்பதானால் ஓவன் பல்பாக வாங்கிவைப்பது புத்திசாலித்தனம்.

பல ஓவன்களில் இ14, 15 அல்லது 25 வாட் வரும். 120 வோல்ட் நாடுகளில் இ26, 40 வாட் வழக்கம். புது மாடல்களில் ஜி9 ஹாலஜன், 25 அல்லது 40 வாட். அறை விளக்குக்கு விற்கும் ஜி9 ஹாலஜனும் இதே உருவம்தான். ஓவனுக்கு 300 டிகிரி எழுத்துள்ளதையே எடுங்கள்.

மாற்றும் முறை:

1. ஓவனை முழுக்க ஆறவிடுங்கள். அணைத்து அரை மணி நேரமாவது. சுவரோடு பதித்த ஓவன் என்றால் பிளக் கைக்கு எட்டாது, மின்பலகையில் அதற்கான எம்சிபி சுவிட்சை இறக்குங்கள். விளக்குச் சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், ஹோல்டரில் மின்சாரம் நிற்கலாம்.

2. உள்ளே தட்டின் மேல் மடித்த துண்டு ஒன்றை விரியுங்கள். கை நழுவினால் மூடி உடையாது.

3. கண்ணாடி மூடி பெரும்பாலும் மரை போட்டிருக்கும், இடப்பக்கமாகத் திருகினால் கழலும். கொழுப்பு காய்ந்து பிடித்திருந்தால் ரப்பர் கையுறை போட்டு, உள்ளங்கையை முழுக்கப் பதித்துத் திருகுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் விளிம்பு தெறிக்கும். மரை இல்லாத, கிளிப்பில் நிற்கும் சதுர மூடிகளை மட்டும் ஸ்பூன் காம்பால் மெதுவாக நெம்பலாம்.

4. பல்பைக் கழற்றி, ஹோல்டருக்குள் பாருங்கள். பீங்கானில் விரிசலோ, உலோகத்தில் கரியோ பச்சையோ இருந்தால் புது பல்பும் நிலைக்காது. ஹோல்டரை மாற்ற மெக்கானிக் வர வேண்டும்.

5. ஹாலஜனாக இருந்தால் வெறும் கையால் தொடாமல், பேப்பர் உறையோடு பிடித்தே மாட்டுங்கள். தோலின் எண்ணெய் பட்ட இடம் எரியும்போது மட்டுமீறிச் சூடேறி, அங்கேதான் கண்ணாடி விட்டுப்போகும். தெரியாமல் தொட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, காய்ந்தபின் போடுங்கள்.

6. மூடியைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, திரும்ப மாட்டுங்கள். மூடி இல்லாமல் ஓட்டுவது பழக்கமாகிவிட்ட வீடுகள் உண்டு. எரிந்துகொண்டிருக்கும் பல்ப் மேல் குளிர்ந்த குழம்புத் துளி ஒன்று தெறித்தால் போதும், கண்ணாடி சிதறும்.

தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் ஓவன்கள் அந்த வேலையின்போது சுமார் 500 டிகிரிக்குப் போகும். மூடி சரியாகப் பூட்டாமல் இந்தப் பணியை ஓடவிட்டால் 300 டிகிரி பல்பும் தாங்காது.

மைக்ரோவேவ்

பல்ப் மூடி சாதனத்தின் உட்புறமோ வெளிப்பக்கமோ ஒரு ஸ்க்ரூவோடு தனியாகத் திறந்தால் மாற்றிக்கொள்ளலாம். வெளிப்பெட்டியைக் கழற்றித்தான் பல்பைத் தொட முடியும் என்றால் வேண்டாம். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட்டைச் சேமித்து வைத்திருக்கும். உயிரைப் பறிக்கும் அளவு அது. பெரும்பாலான சிறிய மைக்ரோவேவ்களில் பல்ப் அந்தப் பக்கம்தான், அதுவும் மரையில்லாமல் ஒயர் கிளிப்போடு. விளக்கு இல்லாமலும் சாப்பாடு சூடாகும். பயிற்சி பெற்றவர் வரும்வரை அப்படியே ஓட்டுங்கள்.

சிம்னி

அதிகப் புகார் வருவது இங்கேதான், ஏனென்றால் இதில் நாலைந்து வகை உண்டு: இ14 மெழுகுவத்தி வடிவப் பல்ப், ஜியூ10, ஜி4, 12 வோல்ட் ஜியூ5.3, பிரிக்கவே முடியாத எல்இடி வட்டத் தகடு. வடிகட்டித் தகட்டைக் கழற்றினால் உள்ளே மாடல் எண்ணும் விளக்கின் வாட் வரம்பும் ஒட்டியிருக்கும்.

இ14, ஜியூ10 இரண்டையும் எல்இடிக்கு மாற்றுவதில் சிக்கல் குறைவு. 35 அல்லது 50 வாட் ஜியூ10 ஹாலஜனுக்கு 3 முதல் 5 வாட் எல்இடி போதும். அடுப்புச் சூடு மேலே வருவதால் அறையில் இருக்கும் அளவு ஆயுளை எதிர்பார்க்காதீர்கள். ஹாலஜனிலேயே தொடர்வதானால் பின்பக்கம் அலுமினியமாக மூடியிருக்கும் வகையைக் கேளுங்கள். பின்பக்கம் வண்ணக் கண்ணாடிபோல மின்னும் டைக்ரோயிக் வகை வெளிச்சத்தை முன்னாலும் சூட்டைப் பின்னாலும் அனுப்பும். பின்னால் இருப்பது ஹோல்டரும் ஒயரும் பிளாஸ்டிக்கும்.

12 வோல்ட் வகையில்தான் பொறி இருக்கிறது. சிம்னியில் 20 வாட் ஜி4 ஹாலஜன் இரண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒன்று போய்விட்டது, அங்கே 2 வாட் எல்இடி போடுகிறீர்கள். அருமையாக எரிகிறது. இரண்டு மாதம் கழித்து மற்றதும் போகிறது, அங்கேயும் அதே எல்இடி. உடனே இரண்டும் சேர்ந்து மினுக்க ஆரம்பிக்கின்றன, அல்லது இரண்டுமே எரிவதில்லை. புது பல்ப் பழுது என்று திருப்பிக் கொடுத்துப் பயனில்லை. மேலே இருக்கும் எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மரில் 20 முதல் 60 வாட் என்று எழுதியிருக்கும். 20 வாட்டுக்குக் கீழே சுமை இருந்தால் அது வேலை செய்யாது. ஒரு ஹாலஜனும் ஒரு எல்இடியும் சேர்ந்து 22 வாட், வரம்புக்குள் இருந்தது. இரண்டு எல்இடி 4 வாட்தான்.

வழி இரண்டு. ஹாலஜனிலேயே தொடர்வது ஒன்று. டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துவிட்டு 12 வோல்ட் எல்இடி டிரைவர் (எல்இடிக்கென்றே மின்சாரம் தரும் பெட்டி) போடுவது மற்றொன்று. அது மின்பணியாளர் செய்ய வேண்டியது. கனமான, இரும்புச் சட்டமிட்ட பழைய டிரான்ஸ்ஃபார்மர் என்றால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் எல்இடி பெட்டியில் 12 வோல்ட் ஏசி, டிசி இரண்டும் போட்டிருக்க வேண்டும். ஜி4 எல்இடி ஹாலஜனைவிடப் பருமனாக இருக்கும் என்பதையும் அளந்து பாருங்கள். ஹாலஜன் சுண்டுவிரல் நுனி அளவுதான். எல்இடி ஏறினாலும் மேல்கண்ணாடி மூடாது.

தையல் மெஷினும் மற்றவையும்

தையல் மெஷினில் பி15 இரண்டு புள்ளி, 15 வாட் பொதுவானது, சிலவற்றில் இ14. குண்டு பல்ப் அதிர்வில் சீக்கிரம் அறுந்துவிடும், கன்னத்துக்கும் விரலுக்கும் பக்கத்திலேயே கொதிக்கும். 1 முதல் 2 வாட் எல்இடி இரண்டு தொல்லையையும் தீர்க்கும். ஊசிப் பக்கம் வெளிச்சம் விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். சில எல்இடிகள் பக்கவாட்டில் மட்டும் அடிக்கும்.

துணி உலர்த்தும் டிரையரின் டிரம்முக்குள் 10 அல்லது 15 வாட் சின்னப் பல்ப். ஈரமும் வெப்பமும் சேர்ந்த இடம், அதோடு அதிர்வு. டிரையருக்கென்று விற்பதையே வாங்குங்கள், மேல்மூடியின் ரப்பர் வளையத்தைத் தவறாமல் திரும்பப் போடுங்கள்.

உப்புக்கல் விளக்கு, வாசனை மெழுகு உருக்கி இவற்றில் பல்ப் அடுப்பு வேலையும் பார்க்கிறது. எல்இடி போட்டால் மெழுகு உருகாது. உப்புக்கல் ஈரம் இழுத்துத் தண்ணீர் கசியும். அங்கே குண்டு பல்புதான்.

மாட்டியும் எரியவில்லை, அல்லது அடிக்கடி போகிறது

திருகு ஹோல்டரின் அடியில் ஒரு சின்னப் பித்தளை நாக்கு இருக்கும். முன்பு யாரோ பல்பை முறுக்கித் தள்ளியதில் அது அமுங்கிப்போயிருக்கும், புது பல்பின் அடிப்புள்ளி அதைத் தொடாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் முனையாலோ அதை ஒன்றிரண்டு மி.மீ. மேலே தூக்கிவிடுங்கள். ‘புது பல்பும் எரியலை’ என்பதற்கு அடிக்கடி காரணம் இதுவாகத்தான் இருக்கும். இனி மாட்டும்போது பல்ப் நின்றதும் ஒரு நூலளவு திருகினால் போதும்.

மாதத்துக்கு ஒன்று போகிறதென்றால் லூஸ் கான்டாக்டைப் பாருங்கள். பல்பின் அடிப்புள்ளியில் கறுப்புக் குழி விழுந்திருந்தால் அங்கே பொறி பறந்திருக்கிறது. கதவை அறைந்து மூடும் வீடுகளில் அதிர்ச்சி காரணம். மின்அழுத்தம் கூடுதலாக வரும் இடங்களில் குண்டு பல்பின் ஆயுள் சட்டென்று இறங்கும்: 5 சதவீதம் கூடினாலே ஆயுள் கிட்டத்தட்டப் பாதியாகும். அங்கே 230 என்று எழுதியதைவிட 240 என்று எழுதிய பல்ப் நிற்கும்.

கண்ணாடி உடைந்து அடி மட்டும் மாட்டிக்கொண்டால்

மின்சாரத்தைத் துண்டியுங்கள். மரைக் கூட்டில் மின்சாரம் இருக்க வாய்ப்புண்டு, அதனால் சுவிட்சை மட்டும் நம்பாதீர்கள். தடித்த கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்துகொண்டு, நீள்மூக்கு பிளையரை மூடிய நிலையில் அடிக்குள் நுழைத்து, கைப்பிடியை விரித்துப் பக்கங்களில் அழுத்தியபடி இடப்பக்கமாகத் திருப்புங்கள். பாதி உருளைக்கிழங்கை அழுத்தித் திருகும் வைத்தியம் எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது. அதன் சாறும் மாவும் ஹோல்டருக்குள் தங்கி உலோகத்தை அரிக்கும். பிளையர் இருக்கும்போது அது எதற்கு?

ஃப்ரிட்ஜில் உடைந்திருந்தால் கீழே திறந்திருந்த பாத்திரங்களின் உணவை அப்படியே கொட்டிவிடுங்கள், வடிகட்டிப் பார்க்காதீர்கள். ஓவனில் என்றால் ஈரக் காகிதத்தால் தரையையும் தட்டுச் சட்டங்களையும் இரண்டு முறை ஒற்றியெடுத்து, மூடியின் மரைக்குள் துகள் சிக்கியிருக்கிறதா என்று பார்த்தபிறகே புது பல்பைப் போடுங்கள்.